என்னைக் கேட்காமல்

கோபன்ஹேகன்
8 ஜனவரி 1982

ஏனோக்,

இனி தொலைபேசி வேண்டாம். கிறிஸ்துமஸ் அன்று பேசியதே போதும். நீ கத்தினாய், நான் கத்தினேன், விடுதி நடையில் எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள். இவாலுவிடம் ஒரு வார்த்தை பேசுமுன் இணைப்பு போய்விட்டது. எட்டு வயதுப் பிள்ளை, பண்டிகை நாளில் அம்மாவின் குரலை அப்படித்தான் கேட்க வேண்டுமா? காகிதத்தில் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ஹென்ட்ரிக்கின் கடிதம் வந்தது. அவன் என் தம்பி என்பதற்காக நான் அவன் பக்கம் சாய்கிறேன் என்று சொல்லாதே. உன் படகில் பாதி அவனுடையது, தினமும் உன்னோடு கடலுக்கு வருகிறவன், பொய் சொல்லி அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. புத்தாண்டுக் கூட்டத்தில் நீ எழுந்து நின்று சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறான்:

"எம் பொண்டாட்டி கோபன்ஹேகன்ல அவங்க சோத்தத் தின்னுக்கிட்டே சொல்றா, ஐரோப்பாப் பொதுச்சந்தையிலேர்ந்து கிரீன்லாந்து வெளிய வந்துடணும்னு. அங்க இருக்கறவளுக்கே புரியுது. இங்க இருக்கற உங்களுக்குப் புரியலையா?"

மண்டபம் கைதட்டியதாம்.

நான் அப்படி எப்போது சொன்னேன்? ஜெர்மன் கப்பல்கள் பொதுச்சந்தை அனுமதியோடு நம் மீனை அள்ளுவது அநியாயம் என்று சொன்னேன். இப்போதும் சொல்வேன். அதற்காக வெளியேற வேண்டும் என்றா சொன்னேன்? என் மருத்துவச்சிப் படிப்புக்கு வரும் உதவித்தொகையில் பாதி அந்தப் பொதுச்சந்தை நிதியிலிருந்து வருகிறது என்பது உனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் வரவேண்டிய பெண்களுக்கும் அதுதான் வழி. என் பெயர் இப்போது இந்த ஊர்ப் பதிவில் இருப்பதால் எனக்கு ஓட்டு இல்லை. இருந்தால் 'இருப்போம்' என்றுதான் போடுவேன்.

ஓட்டுதான் இல்லை என்றால், வாயையும் நீ எடுத்துக்கொண்டுவிட்டாய். பிப்ரவரி 23 வாக்கெடுப்புக்கு முன்னால் அதே மண்டபத்தில் எழுந்து நின்று, நீ சொன்னது உண்மையில்லை என்று சொல்.

அமாலி


பாமியுத்
19 ஜனவரி

அமாலி,

நான்கு நாள் காற்று. ஹெலிகாப்டர் வரவில்லை. உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது.

சொன்னேன். இல்லை என்று சொல்லமாட்டேன். அன்று ஹென்ட்ரிக் உன் கதையைத்தான் எடுத்தான். "எங்க அக்கா படிக்கிறா, அந்தக் காசு எங்கேர்ந்து வருது, நீயே சொல்லு மச்சான்" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். எனக்கு வாயில் வந்தது அது. நீ மீனைப் பற்றிச் சொன்னதை நான் கொஞ்சம் நீட்டினேன். அவ்வளவுதான்.

திருத்திச் சொல் என்கிறாய். இப்போது சொன்னால் ஊரில் வெளியேறும் பக்கம் சிரிப்பாகிவிடும். பாமியுத்தில் யார் எந்தப் பக்கம் என்று வீடு வீடாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். வாக்கெடுப்பு முடியட்டும், சொல்கிறேன்.

நீ மறந்துவிட்டாயோ என்று நினைக்கிறேன். எங்கள் தீவில் டென்மார்க்காரர்கள் முதலில் கடையை மூடினார்கள். பிறகு பள்ளிக்கூடம். "யாரும் உங்கள வெளிய தள்ளலையே" என்று சிரித்துக்கொண்டே சொன்னான் அந்த அதிகாரி. மாவும் மண்ணெண்ணெயும் இல்லாமல் எத்தனை நாள் இருப்பது? இந்த சிமென்ட் அடுக்குவீட்டுக்கு வந்தோம். என் அம்மா குளியல் தொட்டியில் கடல்நாயை வைத்து அறுத்தபோது கீழ்வீட்டுக்காரன் புகார் கொடுத்தான். எங்களைக் கேட்டார்களா? அதே வருடம் இந்தச் சந்தைக்கு ஓட்டு வந்தது. நம் ஆட்கள் பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்றோம். டென்மார்க் வேண்டும் என்றது. அவர்களோடு சேர்த்து நம்மையும் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். இந்தச் சந்தையைப் பற்றி இப்போதுதான் முதல் தடவை நம்மை மட்டும் தனியாகக் கேட்கிறார்கள். அதற்கு நான் சும்மா இருக்க வேண்டுமா?

இவாலு நன்றாக இருக்கிறாள். பொலெத் அத்தையோடு தூங்குகிறாள். பள்ளியில் இருப்போர், வெளியேறுவோர் என்று பிரிந்து பனிப்பந்து எறிகிறார்களாம். "நீ எந்தப் பக்கம்டி?" என்றேன். "யாரு ஜெயிக்கிறாங்களோ அந்தப் பக்கம்" என்றாள். உன் புத்தி.

ஏனோக்


கோபன்ஹேகன்
29 ஜனவரி

ஏனோக்,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறை கிழிக்கப்போவதில்லை.

வாக்கெடுப்பு முடிந்தபின் திருத்துவாயாம். குழந்தை பிறந்தபின் மருத்துவச்சியை அனுப்புகிறேன் என்பதைப் போல இருக்கிறது.

சனிக்கிழமை இங்குள்ள கிரீன்லாந்துக்காரர் இல்லத்துக்கு நம் வானொலியிலிருந்து ஒருவர் ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்திருந்தார். இங்கே இருக்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார். பேசமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். காபி குடித்தேன். பிறகு உன் கடிதம் நினைவுக்கு வந்தது. பேசினேன்.

அபியாவைப் பற்றிச் சொன்னேன்.

அந்த டிசம்பரில் தீவில் நான் பிரசவ வலியில் இரண்டு நாள் துடித்ததைச் சொன்னேன். காற்றில் படகு போக முடியாததை, நீ கரைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்ததை, உன் அம்மாவைத் தவிர வேறு கை இல்லாததை. அவன் ஒரு இரவு உயிரோடு இருந்தான் என்பதைச் சொன்னேன். பயிற்சி பெற்ற ஒருத்தி இருந்திருந்தால் அவனுக்கு இப்போது பத்து வயது. அந்த ஒருத்தியாக ஆகத்தான் நான் இங்கே வந்தேன், அதற்கான கதவைப் பூட்டப்போகிறீர்கள் என்று சொன்னேன்.

உன் பெயரைச் சொல்லவில்லை. என் பெயரைச் சொன்னேன். பாமியுத் என்றும் சொன்னேன். யாருக்கும் தெரியாமல் இருக்காது.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஒலிபரப்புவார்களாம். இந்தக் கடிதம் அதற்கு முன் வந்தால் நல்லது.

அமாலி


பாமியுத்
8 பிப்ரவரி

அமாலி,

கடிதம் பின்னால்தான் வந்தது.

மீன் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தோம். வானொலியை எப்போதும் போட்டுத்தான் வைத்திருப்பார்கள். உன் குரல் வந்ததும் சிரித்துக்கொண்டே ஒலியைக் கூட்டினான் ஒருவன். பிறகு யாரும் சிரிக்கவில்லை. யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. முழுவதையும் கேட்டார்கள். என்னால் எழுந்து போக முடியவில்லை.

அவன் என் அப்பாவின் பெயரோடு வந்தவன். என் அப்பாவே திரும்பி வந்ததாக அம்மா ஒரு இரவு முழுக்க அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். அதைப் பத்து வருடம் என் வாயால் நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ அதை ஓட்டுக்காகக் கொடுத்துவிட்டாய்.

வீட்டில் பொலெத் வானொலியை நிறுத்தப் போவதற்குள் இவாலு கேட்டுவிட்டாள். "எனக்கு அண்ணன் இருந்தானா? ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?" என்கிறாள். தினமும் கேட்கிறாள்.

ஹென்ட்ரிக் துறையில் வந்து, "அக்கா சொன்னது நெசம்தானே மச்சான்" என்றான். என் படகில் இனி காலை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். அவன் பாதியை அவன் கரையில் நின்று பார்த்துக்கொள்ளட்டும்.

ஏனோக்


கோபன்ஹேகன்
15 பிப்ரவரி

ஏனோக்,

இவாலு வானொலியில் கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. நாம் அவளிடம் சொல்லவில்லை என்பதே எனக்கு மறந்துவிட்டது. நான் தினமும் அவனோடுதான் இருக்கிறேன், அதனால் எல்லாருக்கும் தெரியும் என்று எண்ணிக்கொண்டேன் போலிருக்கிறது. அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்பேன். உன்னிடமும்.

ஆனால் சொன்னதற்கு அல்ல. கேட்காமல் சொன்னதற்கு மட்டும். அவன் உன் அப்பாவின் பெயரோடு வந்தான், சரி. என் உடம்பிலிருந்து வந்தான். பத்து வருடம் நீ வாயைத் திறக்கவில்லை என்பதால் நானும் திறக்கவில்லை. அதையும் யாரும் என்னைக் கேட்டு முடிவு செய்யவில்லை.

ஹென்ட்ரிக்கோடு சமாதானம் செய். படகைத் தனியாக எடுக்காதே. பிப்ரவரிக் கடலில் தனி ஆள் என்றால் என்ன என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் பிடிவாதத்தில் போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்.

அமாலி


பாமியுத்
21 பிப்ரவரி

அமாலி,

உன் கடிதம் வருமுன்னே தனியாகக் கடலுக்குப் போய்விட்டேன். பொலெத் தந்தி அடித்திருப்பாள். உயிரோடு இருக்கிறேன். வலதுகையில் இரண்டு விரல் கறுத்திருக்கிறது, டாக்டர் ஒன்றை எடுக்க வேண்டும் என்கிறார். கையெழுத்து இப்படி இருப்பது அதனால்தான்.

புதன்கிழமை விடியலில் ஆயிரங்கால் தூண்டிலின் நீளக் கயிற்றைப் போட்டுவிட்டு வரலாம் என்று தனியாகக் கிளம்பினேன். காற்று குறைவுதான். தூண்டில் கயிற்றில் பாதியை இறக்கியபோது எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. தண்ணீர் இழுக்கும் குழாயில் பனிக்கூழ் அடைத்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு நோண்டினேன். ஒருவன் துடுப்பைப் பிடித்துப் படகை நிறுத்தினால் இன்னொருவன் குழாயைப் பார்க்கலாம். நான் ஒருவன். குழாயைப் பார்த்தால் படகு பாறைப் பக்கம் போகிறது, துடுப்பைப் பிடித்தால் குழாயில் பனி இறுகுகிறது. வானொலிக் கருவியில் கூப்பிட்டேன். ஊரிலிருந்து வந்து சேர எப்படியும் மதியம் ஆகும்.

பதில் சொன்னது ஒரு ஜெர்மன் கப்பல்.

வடக்கே எங்கோ வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள். வலையைத் தூக்கிவிட்டு வந்தார்கள். கயிறு எறிந்தார்கள். என் கையால் பிடிக்க முடியவில்லை, ஒருவன் படகுக்குள் குதித்து முன்பக்கத்து அணியத்தில் கட்டினான். மேலே ஏற்றிப் போர்வை சுற்றிப் பட்டாணி சூப் கொடுத்தார்கள். பிரெமர்ஹாஃபன் துறைமுகத்துக்காரன் ஒருவன், தாடி நரைத்தவன், அரைகுறை டேனிஷில் கேட்டான்: "தனியாவா வந்த? உனக்கு ஆளு இல்லையா?" இருக்கிறான் என்றேன். "அப்ப அறிவுதான் இல்ல" என்றான்.

சூப்பைக் குடித்துக்கொண்டே கீழே பார்த்தேன். தூக்கிய வலையை மேல்தளத்தில் கொட்டியிருந்தார்கள். அமாலி, நம் ஊர்ப் படகுகள் எல்லாம் சேர்ந்து ஒரு மாதம் பிடித்தாலும் அவ்வளவு காட் மீன் வராது. கையளவு குஞ்சுகளை மண்வாரியால் திரும்பக் கடலுக்குள் தள்ளினார்கள், எல்லாம் செத்தவை. என்னால் சூப்பை நிறுத்தவும் முடியவில்லை. அவ்வளவு குளிர்.

துறைமுக வாய் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து விட்டார்கள். ஊரே பார்த்தது.

அன்றே சாமுவேல் வந்தான். தொழிற்சாலை மேஸ்திரி, வெளியேறும் பக்கத்துக் குழுவுக்கு அவன்தான் தலைவன். "அவன் கப்பல் உன் தூண்டிலை அறுத்துச்சு, அதனாலதான் நீ மாட்டுனேன்னு சொல்லிடு ஏனோக். எத்தனை பேருக்கு அறுத்திருக்கான், உனக்கும் அறுத்ததா இருக்கட்டுமே." அவன் போனதும் ஹென்ட்ரிக் வந்தான், வாசலிலேயே நின்றான். "உன் உசுரைக் காப்பாத்துனது யாருன்னு மட்டும் கூட்டத்துல சொல்லு மச்சான். வேற ஒண்ணும் வேண்டாம்."

நேற்றுக் கடைசிக் கூட்டம். மண்டபத்தில் நிற்க இடமில்லை. எழுந்தேன். தூண்டிலை யாரும் அறுக்கவில்லை, என் முட்டாள்தனம், அவர்கள் வந்திராவிட்டால் நான் இல்லை என்றேன். இருப்போர் பக்கம் தட்டினார்கள். தட்டி முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு அந்த மேல்தளத்தில் பார்த்ததைச் சொன்னேன். என்னைத் தூக்கிய கை நல்ல கைதான், அந்தக் கை நம் கடலைக் காலி செய்கிறது, நான் செவ்வாய்க்கிழமை வெளியேறத்தான் ஓட்டுப் போடுவேன் என்றேன். யாரும் தட்டவில்லை. சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டான். பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

கடைக்கார மார்கிரேத் கேட்டாள், உனக்குத்தான் அவளைத் தெரியுமே, "அது கெடக்கட்டும், உம் பொண்டாட்டி எந்தப் பக்கம்? நீ ஒண்ணு சொன்ன, அவ வானொலியில வேற சொன்னாளே?"

"அத அவகிட்டக் கேளுங்க" என்றேன். "அவ வாய் அவளோடது. புத்தாண்டுல நான் சொன்னது நானாக் கட்டுனது."

உட்கார்ந்துவிட்டேன். உனக்காகச் சொல்லவில்லை. கேட்டாள், சொன்னேன்.

ஏனோக்


கோபன்ஹேகன்
3 மார்ச்

ஏனோக்,

பொலெத்தின் தந்தியில் 'ஏனோக் பிழைத்தான்' என்று மட்டும் இருந்தது. எதிலிருந்து என்று இல்லை. உன் கடிதம் வரும்வரை நான் எப்படி இருந்தேன் என்று எழுதப்போவதில்லை. பிரசவ அறையில் ஒரு தாய்க்குக் கை பிடிக்கப் போனேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு "உனக்கு என்னம்மா ஆச்சு" என்று கேட்டாள்.

முடிவை இல்லத்தில் எல்லோருமாகக் கேட்டோம். வெளியேற வேண்டும் என்றவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு பையன் மேசைமேல் ஏறி ஆடினான். அடுத்த ஆண்டு இங்கே படிக்க வருவதாக இருந்த தன் தங்கையை நினைத்து ஒருத்தி அழுதாள். இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே படகில் வந்து இறங்கியவர்கள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

எங்கள் வகுப்பு முடியும்வரை பணம் நிற்காது என்று தலைமை ஆசிரியை சொன்னார். அதற்குப் பிறகு வருபவர்களுக்கு? "உங்கள் நாடுதானே முடிவு செய்தது" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்கவில்லை.

மண்டபத்தில் நீ சொன்னதைப் படித்தேன். கடைசியில் இரண்டு பக்கமும் உனக்குத் தட்டாததைப் படித்தபோதுதான், இவனைத்தானே கட்டிக்கொண்டேன் என்று தோன்றியது. அதனால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. நீ ஜெயித்துவிட்டாய், நான் தோற்றுவிட்டேன். தோற்றவளுக்கு அது வேறு மாதிரி இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். இங்குள்ள மருத்துவமனையில் ஜூலையிலிருந்து எனக்கு வேலை தருகிறார்கள். இவாலுவை அழைத்துக்கொண்டு இங்கேயே பள்ளியில் சேர்த்தால் என்ன என்று யோசிக்கிறேன். முடிவு செய்யவில்லை. முடிவு செய்யுமுன் எழுதுகிறேன்.

விரல் எப்படி இருக்கிறது?

அமாலி


பாமியுத்
14 மார்ச்

அமாலி,

விரல் போய்விட்டது. சுண்டுவிரல்தான். இன்னொன்று பிழைத்துக்கொண்டது.

முடிவு வந்த அன்று நானும் பாடினேன். பொய் சொல்லமாட்டேன். தெருவெல்லாம் ஆட்கள், வீட்டுக்கு வீடு காபி. ஹென்ட்ரிக் வீட்டில் திரை போட்டிருந்தார்கள். அந்த வழியாகப் போனபோது மட்டும் வாயை மூடிக்கொண்டேன். எங்கள் பக்கத்து ஆட்களே சிலர் என்னோடு பேசுவதில்லை. சாமுவேல் என் மீனை நிறுத்துப் போடும்போது வேறு எங்கோ பார்க்கிறான்.

தனியாகப் போக முடியாது என்று தெரிந்துவிட்டது. ஹென்ட்ரிக்குக்கும் வேறு படகு இல்லை. ஒரு காலை அவனாகவே துறையில் வந்து நின்றான், நான் நகர்ந்து இடம் விட்டேன். அன்று முழுக்க வேலை மட்டும் பார்த்தோம். மறுநாள் தூண்டிலில் மீன் எடுத்துக்கொண்டே சொன்னான்: "ஒன்பது விரலுக்குப் பத்து விரல் பங்கு தரமுடியாது மச்சான்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னான். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கடல் அமைதியாக இருந்த ஞாயிறன்று இவாலுவைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம், ஹென்ட்ரிக்கும் வந்தான். அபியாவின் சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பனியைத் தோண்டி நிமிர்த்தினோம். இவாலு எல்லாம் கேட்டாள். முடி இருந்ததா, கண்ணைத் திறந்தானா, அழுதானா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கண்ணைத் திறந்தானா என்பது எனக்குத் தெரியவில்லை. "அம்மாவுக்குத் தெரியும்" என்றேன். திரும்பி வரும்போது படகில் என் மடியில் தூங்கிவிட்டாள்.

உன் கடிதத்தை அவளிடம் சொன்னேன். நீ எங்கே இருக்கப் பிரியப்படுகிறாய் என்று கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் ஓட்டுப் போடுங்க, நான் எண்ணுறேன்" என்றாள். இரண்டே பேர் ஓட்டுப் போடும் வீட்டில் எப்போதும் சமம்தான் வரும் என்று சொன்னேன். "அப்ப பேசுங்க" என்றாள்.

இங்கே இருக்கும் டேனிஷ் மருத்துவச்சி ஜூலையில் ஊர் திரும்புகிறார். வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். கோடையில் நாலைந்து பேருக்குப் பிரசவ நாள் இருக்கிறது, சாமுவேலின் மகளும் ஒருத்தி. இதை உனக்கு ஆசை காட்ட எழுதவில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

நீ அங்கேயே இருந்தால் நான் வரமுடியாது. எனக்கு அங்கே என்ன வேலை? இவாலுவை அனுப்பு என்றால் அனுப்புவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. நீ வந்தால் எனக்குச் சந்தோஷம். அதை இதுவரை எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

ஏனோக்


கோபன்ஹேகன்
2 ஏப்ரல்

ஏனோக்,

கண்ணைத் திறந்தான். விடியும் நேரம் ஒருமுறை. நீ அப்போது கரையில் நின்று காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாய். விளக்குப் பக்கம் திரும்பினான். இவாலுவிடம் சொல். இல்லை, வேண்டாம், நானே சொல்கிறேன்.

இங்குள்ள வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்காக அல்ல, சாமுவேலின் மகளுக்காகவும் அல்ல. எங்கள் ஆசிரியையின் அந்தச் சிரிப்பு எனக்குள் இன்னும் இருக்கிறது. நாமே முடிவு செய்தோம் என்றால், எனக்குப் பின்னால் படிக்கவேண்டிய பெண்களுக்கு எங்கிருந்து பணம் வரும் என்பதையும் நாமேதான் முடிவு செய்யவேண்டும். அதைக் கேட்கத் தன்னாட்சி அரசிடம் தலைநகர் நூக் வரைக்கும் போவேன். ஊர் மண்டபத்தில் எழுந்து நிற்பேன். நீ முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் உன்னைப் பார்த்துத்தான் கேட்பேன்: வெளியே வந்தாகிவிட்டது, இனி என்ன? பதில் வைத்துக்கொள்.

நீங்கள் செய்தது தப்பு என்றுதான் இன்னும் நினைக்கிறேன். அந்த மேல்தளத்து மீன் குஞ்சுகளும் என் கண்ணில் இருக்கின்றன. இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வந்து பார்க்கிறேன்.

ஜூன் கடைசியில் கப்பல். தெற்கே கடற்பனி வழியடைத்தால் ஜூலை ஆகும். துறைக்கு நீயும் இவாலுவும் வாருங்கள். ஹென்ட்ரிக் வந்தால் வரட்டும். பொலெத்தைக் கடல்நாய் சூப் வைக்கச் சொல், இரண்டு வருடமாக நாக்கு செத்துக் கிடக்கிறது.

முதல் நாள் சண்டை வேண்டாம். மறுநாள் காலையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அமாலி